உழாத பாதி

விதைப்புக் கருவியின் அடியில் மல்லாந்து படுத்து, கொழுவில் சுற்றியிருந்த பயிர்த்தாளைப் பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தார் டிராக்டர் டிரைவர். அறுவடை முடிந்த வயல். போன பயிரின் தாள் முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்றது. வரப்பில் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். பாதி வயலை வழக்கம்போல் நாலு தடவை உழுது விதைப்பது, மீதியை உழாமல் தாளுக்கு நடுவே ஒரே ஓட்டத்தில் விதைப்பது என்று அவர்களும் ஆராய்ச்சி நிலையமும் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

உழவேண்டிய பாதியை முந்தின நாளே அவர் முடித்துவிட்டார். பதினாறு வருஷமாக அவர் வீட்டு அடுப்பு எரிவது அந்த நாலு உழவால்தான். நாலு ஒன்றாகிவிட்டால் தன் பிழைப்பு என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆழத்தை மாற்றும் கைப்பிடி அவர் கைக்குள் இருந்தது. ஒரு பல் மேலே தூக்கி வைத்தால் போதும். விதை மண்ணுக்குள் போகாமல் தாளின்மேல் கிடக்கும், மிச்சத்தைக் குருவிகள் பார்த்துக்கொள்ளும். உழாமல் விதைத்தால் இப்படித்தான் என்று ஊரே சொல்லும். அவர்மேல் ஒரு சொல் வராது.

நிலையத்திலிருந்து வந்திருந்த பெண் பக்கத்தில் மண்டியிட்டு, இரும்பு ஸ்கேலை மண்ணுக்குள் செருகிப் பார்த்தாள்.

"ஆழம் போதுமாண்ணே? எனக்குப் படிச்சதுதான் தெரியும். இந்த மண்ணு உங்களுக்குத்தான் தெரியும்."

இத்தனை வருஷத்தில் அவரை யாரும் எதையும் கேட்டதில்லை. ஓட்டு என்பார்கள், நிறுத்து என்பார்கள். கைப்பிடியை விட்டு, கொழுவுக்கு அடியில் மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பத்தாதும்மா. அடியில இறுகிக் கெடக்கு. இன்னும் ஒரு விரக்கடை எறங்கணும்" என்று சொல்லி ஒரு பல் கீழே இறக்கினார்.

நாலாம் நாள் அடைமழை கொட்டியது. பிறகு சுள்ளென்று வெயில். அந்தப் பெண் தினமும் முதல் பஸ்ஸில் வந்து, வரிசை வரிசையாக முளைகளை எண்ணினாள். வேலை இல்லாவிட்டாலும் அவரும் போய் நின்றார். உழுத பாதியில் மேல்மண் ஓடுபோல் இறுகி, முளைகள் முட்ட முடியாமல் அடியிலேயே மடங்கிவிட்டன. உழாத பாதியில் தாளுக்கு நடுவே கோடு கிழித்ததுபோல் பச்சை. அதைப் பார்த்தபோது அவருக்கு மனசு நிறைந்தது; இனி நாலு உழவுக்கு யார் கூப்பிடுவார்கள் என்றும் தோன்றியது.

அடுத்த வாரம் விவசாயிகள் கூடினார்கள். கருவியைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். டிரைவர் கதவோரம் நின்று, இன்றோடு தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வயலின் சொந்தக்காரம்மா குறுக்கே புகுந்தாள்.

"வாங்கலாம், நிறுத்தி வைக்கவா? ஓட்டத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான். மொதல்ல அவருக்கு மாசச் சம்பளம் பேசுங்க."

பேசினார்கள். வருஷம் முழுக்க வேலை. பக்கத்து ஊர் டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர் பொறுப்பு. வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உழவு ஓட்டி வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் தைலம் தேய்க்கச் சொல்லி, உங்க முதுகு இனி என் கைக்கு வேலை வைக்காது" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

பயிர் இடுப்பளவு வளர்ந்ததும் அந்த வயலிலேயே கூட்டம் நடந்தது. பந்தல் போட்டு, வெளியூர் விவசாயிகளை அழைத்திருந்தார்கள். கருவியை ஓட்டிக் காட்டிய டிரைவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். உடம்பு லேசாகிவிட்டதுபோல் இருந்தது அவருக்கு. அந்தப் பெண்ணைத் தேடினார். அவளுடையது ஒப்பந்த வேலை என்றும், போன மாதக் கடைசியோடு முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை என்றும் பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

மேடையில் நிலையத்து அதிகாரி, தாங்கள் கண்டறிந்ததை வரிசை வரிசையாக வாசித்தார். ஆறாம் வரிசையின் முளைக் கணக்குக்கு வந்ததும், அந்தப் பெண்ணின் கையெழுத்துப் புரியாமல் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். பந்தலுக்கு வெளியே, வெயிலில், தோளில் பையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நாப்பத்திரெண்டு" என்று அவள் உதடு அசைந்தது.