பாட்டுக்குச் சுமந்த கதவு

வலது தோள் வீங்கி, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் கிடந்தது. இருபது வருடத்துக்கு மேல் சீமெந்து மூட்டை இறக்கிய தோள். ஒரே நாளில் ஒரு கதவு அதைப் படுக்க வைத்துவிட்டது. மனுசி அன்ரோனெற் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டே, பாட்டுக்காரருக்காக ஏன் இந்தப் பாடுபட்டீர்கள் என்று ஏசினாள்.

பாட்டுப் படம் எடுக்க வந்தவன் ஜெகதீபன், கனடாவில் வளர்ந்த பெடியன். மீள்குடியேறிய சனத்தைப் பற்றிய பாட்டு. வீடு போன மனிதன் ஒருவன் கதவை மட்டும் முதுகில் சுமந்துகொண்டு வெட்டவெளியில் நடக்கிறான். கதவு என்றால் ஊர், பாரம் என்றால் முப்பது வருடம் நாங்கள் பட்டது என்று பள்ளிமுனைக் கடையடியில் நின்று எங்களுக்கு விளங்கப்படுத்தினான். என் தோளைப் பார்த்துத்தான் என்னைத் தெரிந்தெடுத்தான்.

அவன் கொண்டுவந்த கதவு ஒட்டுப்பலகை. மரத்தின் நிறம் பூசியிருந்தது. ஒரு கையால் தூக்கலாம். பாரமாக நடக்கச் சொன்னான். முழங்காலை மடித்தேன், பல்லைக் கடித்தேன், கண்ணை இடுக்கினேன். என்னோடு மூட்டை இறக்கும் சீவரத்தினம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவன், வயிற்றோட்டக்காரன் கக்கூசுக்குப் போவது மாதிரி இருக்கிறது என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பாரம் தூக்குவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். பாரமில்லாத சுமையோடு நடந்தால் குதிக்கால் மண்ணில் பதியாது. மூட்டை தூக்கிய எவனுக்கும் அது தெரியும்.

"பொறு தம்பி, என்ரை வீட்டுக் கதவைக் கழட்டிக்கொண்டு வாறன்," என்றேன்.

முதிரைக் கதவு. இரண்டு பேர் தூக்க வேண்டியது. அந்த நேரம் எனக்கு வேறொன்றும் நினைவில் வரவில்லை. இருபத்துநாலு வருடம் திறந்து பூட்டியதில் அது என் கதவாகிவிட்டிருந்தது.

ஐந்து தரம் நடந்தேன். கதவின் கீழ் மூலையில் வெள்ளத்தில் உக்கிய இடத்தை வெட்டி எடுத்து, வேப்பந்துண்டு ஒன்றைப் பொருத்தியிருக்கும். அதைக் கண்டதும் ஜெகதீபன் கமராவைக் கிட்டக் கொண்டுபோனான்.

"இந்த ஒட்டுத்தான் அண்ணை எங்கட சனம்," என்றான்.

நான் தலையாட்டினேன்.

ஒரு மாதத்தில் பாட்டு எல்லாருடைய போனிலும் ஓடியது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் கைகொடுத்தார்கள். பூசை முடிவில் பாதர் என் பெயரைச் சொன்னார். வீட்டைப் பறித்தவர்கள் ஒருநாள் பதில் சொல்ல வேண்டும் என்று பாட்டில் ஒரு இடம் வரும். அந்த இடத்தில்தான் என் முகத்தைப் பெரிதாகக் காட்டுவார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு அப்துல் றசாக் வந்தார். அவருடைய வாப்பாவின் கருவாடு காயப்போடும் வாடியில்தான் நான் மூட்டை தூக்கப் பழகினேன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை ஆயுதம் தாங்கிய இயக்கம் வெளியேறச் சொன்னபோது, கையில் அகப்பட்டதோடு வள்ளம் ஏறிப் போனவர்கள். இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு இப்போது பழைய வளவில் தகரக் கொட்டில் போட்டிருக்கிறார்கள். வாசலில் சாக்குத் தொங்குகிறது.

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. என் வாசலில் குந்தி, கதவின் கீழ் மூலையைப் பெருவிரலால் தடவினார்.

"வாப்பா வச்ச ஒட்டு," என்றார்.

"முருங்கனில பழைய சாமான் கடையொண்டில வாங்கினது, நானா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே அன்ரோனெற் சட்டி கழுவுவதை நிறுத்தினாள்.

அவர் நம்பினார். எழும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"வாங்கின உன்னில என்ன பிழை, வின்சன்ட்? கழட்டினவனைத்தான் தேடுறன். சண்டைக்கில்லை. வாப்பா மவுத்தாகுமட்டும் கேட்டவர், எங்கட கதவை ஆர் கழட்டினதெண்டு. பேர் தெரிஞ்சா கபுறடியில போய் ஒருக்காச் சொல்லலாம்."

கதவைத் தா என்று அவர் கேட்கவேயில்லை.

தொண்ணூறில் அவர்கள் வள்ளம் ஏறிய எட்டாம் நாள், நெம்ப ஒரு அலவாங்கும் தள்ளுவண்டியும் கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஊரே போய் அள்ளிக்கொண்டிருந்தது. நான் எடுக்காவிட்டால் இன்னொருவன் எடுப்பான் என்று எனக்கு நானே சொன்னேன். குசினியில் ஊறப்போட்ட அரிசி புளித்து மணத்தது. அந்த மணத்துக்குள் நின்றுதான் கதவின் பிணைச்சலைக் கழற்றினேன்.

றசாக் நானா முருங்கனுக்கு இரண்டு தரம் பஸ் ஏறிப் போய்க் கடை கடையாக விசாரித்தாராம். சீவரத்தினம்தான் வந்து சொன்னான், சிரித்துக்கொண்டு. இல்லாத கடையைத் தேடி அந்த மனிதன் வெயிலில் அலைந்திருக்கிறார்.

அடுத்த நாள் காலை கதவைக் கழற்றித் தோளில் ஏற்றினேன். வண்டி பிடிக்கவில்லை. மூன்று கட்டை தூரம். வழியில் கண்டவர்கள் இன்னொரு பாட்டோ என்று கேட்டார்கள். ஓம் என்றேன்.

றசாக் நானாவும் நானும் கொட்டில் வாசலில் நிலை நட்டுக் கதவைப் பொருத்தினோம். அவருடைய மனுசி தேத்தண்ணி தந்தா. என் பிள்ளைகளுக்காகத் துஆச் செய்வதாகச் சொன்னா. நான் அதைக் குடித்தேன்.

போக எழும்பியபோது அவர் படலை வரைக்கும் வந்தார்.

"அந்தக் கடைக்காரன்ர பேரையாவது சொல்லு. அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அந்தாள் செத்துப்போச்சு, நானா."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, அப்ப சரி என்றார். இனித் தேடுவதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை.

என் வீட்டு வாசலில் இப்போது ஒட்டுப்பலகைக் கதவு. ஜெகதீபன் விட்டுப்போனது. அன்ரோனெற் என்னோடு அதிகம் கதைப்பதில்லை.

கதவைக் கொடுத்துவிட்டேன். அப்துல் றசாக்குக்கு ஒரு பெயரை நான் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது. கழற்றியவனின் பெயர், என் பெயர்.