எட்டு வாசல்களுக்குப் பிரிந்த பாட்டு

2006ஆம் ஆண்டு ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் ஊற்றிய நாளின் மாலையில், புதுச்சேரி முத்தியால்பேட்டையை ஒட்டிய சவுக்குத்தோப்புத் தெருவிலிருந்து தாழ்ந்த ஒலிகள் அனைத்தும் நீங்கின. உயர்ந்த ஒலிகளுக்கு ஒரு குறையும் நேரவில்லை. சைக்கிள் மணியும் குழந்தையின் அழுகையும் எண்ணெயில் வெடிக்கும் கடுகும் முன்போலவே கேட்டன. ஆனால் காலாப்பட்டுப் பேருந்து, காகிதம் நகர்வதைப் போலத் தெருமுனையைக் கடந்தது. பம்பை மேளத்தின் ஒரு முகம் பேசியது, மறுமுகம் பேசவில்லை. கனத்த குரலுடைய ஆண்கள் சிறுவர்களின் குரலில் மனைவியரை அதட்டினர். மனைவியர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தனர். ஐப்பசியில் மின்னல் வெட்டியபோது இடி வரவில்லை. அதைக் குறித்து ஒருவரும் எங்கும் மனுக் கொடுக்கவில்லை.

இதற்குக் காரணமானவன் அத்தெருவிலேயே ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுவந்த கோவிந்தராசு. குழாய் ஸ்பீக்கர்களைக் கம்பத்துக்குக் கம்பம் ஒரே கம்பியில் தொங்கவிடுவது அவனுடைய தொழில். அவற்றை எத்தனை கட்டினாலும் அவனுடைய பழைய ஆம்ப்ளிஃபயர் முகம் சுளித்ததில்லை. அவ்வாண்டு கச்சேரிக்கு வந்த மெல்லிசைக் குழுவின் இராமதாஸ், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் தன் பேஸ் கிட்டாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதனுடன் இணைக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டி தன் வாசலில்தான் நிற்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். அந்தத் தெருவில் கூழானாலும் சரி, பாட்டானாலும் சரி, ஒரு வாசலுக்குக் கிடைத்தது மறுவாசலுக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த ஆடிவரை பேச்சுவார்த்தை இராது. கோவிந்தராசு தன்னிடமிருந்த பெட்டிகளை ஏழு வாசல்களில் வைத்து முடித்தபோது, தெருவின் கடைசி வீட்டு ராஜாம்பாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எதுத்த வூட்டுக்கு ஒண்ணு, பக்கத்து வூட்டுக்கு ஒண்ணு. நான் மட்டும் கூழுக்குக் கேவுரு குடுக்கலியா?”

மீதமிருந்தது ஒரே பெட்டி. அது கோவிந்தராசுவின் சொந்த வாசலில், அவன் மனைவி செந்தமிழ்ச்செல்விக்காக வைத்தது. அவளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. ஆயினும் ஆண்டுதோறும் திருவிழாவில் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து, தாழ்ந்த சுரங்களின் அதிர்வைக் கொண்டே பாட்டு முழுவதையும் அறிந்துகொள்வாள். அவளுக்குப் பாட்டு என்பது அது ஒன்றுதான். கோவிந்தராசு அவளிடம் கேட்காமலேயே அதைத் தூக்கிக்கொண்டு போனான்.

“அண்ணே, இது ஒங்க குழாய் செட்டு இல்ல. ரெண்டு பாக்ஸுக்கு மேல தாங்காது. பின்னாடியே போட்டிருக்கு பாருங்க” என்றான் இராமதாஸ்.

“தாங்கும் தம்பி. நீ வாசிக்கிற வேலயப் பாரு.”

பெட்டிகளை அவ்வாறு ஒரே கம்பியில் இணையாகச் சேர்க்கச் சேர்க்க, ஆம்ப்ளிஃபயரின் சுமை பங்கிடப்பட்டுக் குறைவதில்லை. அது இறைக்க வேண்டிய மின்சாரம் கூடுகிறது. எட்டு வாசல்களுக்கும் இறைத்து, அது ஒரே ஒரு பாட்டுக்குத் தாக்குப்பிடித்தது. அப்பாட்டில் இராமதாஸின் விரல்கள் அசைந்தனவேயன்றி அவன் கிட்டாரின் ஒரு சுரமும் எவர் காதிலும் விழவில்லை. கடைசிச் சுரத்தில் கருகிய நாற்றம் எழுந்தது. பெட்டியில்லாத வாசலில் தரைமேல் கைவைத்து அமர்ந்திருந்த செல்விக்கு, அந்த நொடியில் தெருவின் அதிர்வே உள்ளங்கையிலிருந்து நழுவியது. அவள் எழுந்து வந்து, கோவிந்தராசுவின் முன்னே கைகளால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: எல்லோருக்கும் கொடுத்தாயே, எனக்கு? பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைகளால் பேசுகிறவள் முகத்தைத் திருப்பிவிட்டால், அவளிடம் சொல்வதற்கு வேறு வழி கிடையாது. அவன் சோற்றுத் தட்டை வாங்கியபோதும் அவள் சுவரையே பார்த்தாள்.

தட்டாஞ்சாவடிப் பட்டறையில் இராமதாஸின் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கப்பட்டது. மற்ற ஊர்களில் அது நன்றாகவே முழங்கியது. சவுக்குத்தோப்புத் தெருவில் அதன் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. கார்த்திகைக்குள் உண்மை தெரிந்துவிட்டது. தாழ்ந்த ஒலி எங்கும் போய்விடவில்லை. அன்று எவர் காதிலும் விழாத சுரங்களோடு, கம்பி பிரித்தபடியே எட்டாகப் பிரிந்து, எட்டு வீட்டு நிலைக்கால்களிலும் குடியேறியிருந்தது. அவ்வீடுகளில் அரிசி அதிர்வில் தானாகவே அடங்கி, டப்பாவில் இன்னும் இரண்டு படி கொண்டது. வேலை பார்த்த ஆலை மூடி இயந்திர இரைச்சல் நின்றதிலிருந்து தூக்கமற்றிருந்த ராஜாம்பாளின் கணவர், நிலைக்காலில் முதுகைச் சாய்த்துக் குறட்டையின்றி உறங்கினார். திருப்பித் தரும்படி கோவிந்தராசு வீடு வீடாகக் கேட்டான். மற்ற வீட்டார் முதலில் கொடுக்கட்டும், நாங்களும் கொடுக்கிறோம் என்று எட்டு வீட்டாரும் சொன்னார்கள்.

தை பிறந்த வாரத்தில், இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க முதல் வீட்டுக்குச் சென்ற செல்வி, நிலைக்காலைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். பிறகு, சல்லடையைத் தரையில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டு நிலையைத் தொட்டாள். அதற்கடுத்த வீட்டையும் தொட்டாள். பின்தொடர்ந்த கோவிந்தராசு, அவளுடைய மற்றொரு கை தொடையில் தாளமிடுவதைக் கண்டான். ஒரு வீட்டில் நின்ற பாட்டு அடுத்த வீட்டில் தொடர்ந்தது. ஏழாவது வாசலைக் கடந்ததும் ராஜாம்பாளின் கதவு சாத்தியிருந்தது. செல்வி திரும்பினாள். ஆடிக்குப் பிறகு முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்து, கதவைச் சுட்டினாள்: பாட்டின் முடிவு உள்ளே இருக்கிறது.

கோவிந்தராசு கதவைத் தட்டினான்.

“அந்தப் பொட்டி இவளோடது அக்கா. கேக்காமத் தூக்கியாந்து ஒங்க வாசல்ல வெச்சுட்டேன்.”

ராஜாம்பாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னா? பொண்டாட்டியோடதப் புடுங்கிக் குடுத்துதான் எனக்கு மரியாத செய்யணுமா? தள்ளு. சத்தத்தக் கொறைச்சிப் பேசு, மனுசன் இப்பத்தான் கண்ணசந்தாரு.”

கேளாதவளிடம் பேசுவது வீண் என்று அறிந்த ராஜாம்பாள், செல்வியின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, உறங்கும் கணவரின் தலைக்கு மேலே நிலைக்காலில் அழுத்தி வைத்தாள். பாட்டு அங்கே முடிந்தது. செல்வி கணவனின் கையை எடுத்துத் தன் கையின்மேல் வைத்துக்கொண்டாள். அவனுக்கு அதிர்வு ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் அவன் கையை எடுக்கவில்லை.

அன்றுமுதல் அந்தத் தெருவில் விளக்கு வைக்கும் வேளையில் எட்டு வீட்டுக் கதவுகளும் திறந்திருக்கின்றன. இடி இன்றளவும் வருவதில்லை. புதிதாகக் குடிவருவோரிடம், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை வண்டி வரும் நாளையும் சொல்லிவிட்டு, மாலையில் ஒரு பெண் நிலைக்காலைத் தொட்டுச் செல்வாள், குறுக்கே செருப்பை விடாதீர்கள் என்றும் வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். குடிவருவோர் தண்ணீர் வரும் நேரத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறார்கள்.