தூங்குமூஞ்சிக்கு மூன்று மெயில்

நாங்கள் வெளியிடும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல்மொழிக்குப் புதுப் பதிப்பு வந்தால், அந்த மொழியில் எழுதிய மென்பொருள் பேக்கேஜ் அத்தனையையும் மறுபடி பில்ட் செய்து, புதுப் பதிப்பில் ஓடும்படி கட்டியெடுத்தாக வேண்டும். இந்த முறை நானூற்றுப் பன்னிரண்டு. எது முதலில், எது பிறகு என்று வரிசை போட்டு, எங்கெங்கோ உட்கார்ந்து சம்பளமில்லாமல் உழைக்கும் எண்பது பேரைக் கெஞ்சிக் கொஞ்சி வேலை வாங்கும் பொறுப்பு முதன்முறையாக என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வெளியீட்டின் கதவு சாத்தப்படும். அதற்குள், முடிந்ததைப் பச்சையிலும் முடியாததைச் சிவப்பிலும் காட்டும் இணையப் பலகை முழுக்கப் பச்சையாகாவிட்டால் எங்கள் மூன்று மாத உழைப்பு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

அந்த வெள்ளி மூன்று மணிக்குப் பலகையில் ஒரே ஒரு சிவப்பு. தேதிகளை ஒழுங்குபடுத்தும் துக்கடா பேக்கேஜ் அது. திருத்தமும் ஒரே வரிதான். நானே எழுதி அனுப்பியிருந்தேன். அந்தப் பேக்கேஜைக் கவனிக்கும் பராமரிப்பாளர் 'சரி' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்த மகராசன் மூன்று மெயிலுக்கும் வாயே திறக்கவில்லை. ஆத்திரத்தில் எண்பது பேரும் படிக்கும் பொதுக் கடிதத்திலேயே அவருக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பட்டம் கட்டிவிட்டேன்.

பில்ட் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் போட்டேன். "பேசாம அந்தத் திருத்தத்த நாமளே ஏத்திடலாமா?"

"ஏழு நாள் பதில் வரலைன்னாதான் அடுத்தவங்க கை வைக்கலாம். இன்னிக்கு ஆறாவது நாள்," என்றார் அவர் நிதானமாக. "அந்த விதிய எழுதினதே நீங்கதானேம்மா?"

போனை வைத்தேன். "அந்த ஆளு மட்டும் கையில கிடைக்கட்டும், நறுக்குனு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்!"

காலை ஷிப்டில் பஸ் ஓட்டிவிட்டு வந்து, மேசையின் மறுமுனையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "யாரு அது?"

"ஆளுன்னு இல்ல. தேதிக் குழுன்னு போட்டிருக்கு."

"குழுவுல யார் யாரு?"

அதைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது பார்த்தேன். மூன்று பெயர்கள். இரண்டு பேர் விலகிப் பல வருஷம் ஆகிறது. மூன்றாவது பெயரைப் பார்த்ததும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

நான்தான். வந்த புதிதில் எந்தக் குழு கூப்பிட்டாலும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். பிறகு தொல்லை தாங்காமல் அந்தக் குழுவின் மெயில்களைக் கண்ணில் படாத ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டதும் நான்தான். திறந்தேன். படிக்காதவை இரண்டாயிரம். உச்சியில் மூன்று, நான் எனக்கே அனுப்பியவை. கடைசி மெயிலின் தலைப்பு: 'உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?'

'சரி'யை அழுத்தினேன். பில்ட் ஓடி முடியும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாலே முக்காலுக்கு நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை! நாற்காலி சாயும்படி எழுந்து குதித்தேன். அவ்வளவு சந்தோஷம். பிறகு எல்லோருக்கும் எழுதினேன்: 'தூங்குமூஞ்சியைக் கண்டுபிடித்துவிட்டேன். அது நான்தான்.' சிரிப்பும் வாழ்த்துமாகப் பதில்கள் வந்து குவிந்தன.

கணவர் ஆரஞ்சுச் சுளைகளை என் பக்கம் தள்ளினார். "ஆளு கிடைச்சாச்சே, நாலு வார்த்தை கேட்டியா?"

"போனா போகுதுன்னு விட்டுட்டேங்க," என்றேன் வாய் நிறைய. "பாவம், நல்ல பொண்ணு."