மூன்றாம் பலகையின் ஆணிகள்

மூன்றாம் பலகையில் நான்கு ஆணிகளைக் காணோம். முந்தின நாள் அஸ்காவுத் தன் கையாலேயே அடித்து, உள்பக்கம் இரும்பு வில்லை வைத்து முனையை நசுக்கிய ஆணிகள். இப்போது அங்கே வெறும் துளைகள்.

எட்டுத் துடுப்புப் படகு அது. ஓக் மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து, கோடரியால் செதுக்கி, பலகைமேல் பலகை ஏறி உட்காரும்படி கட்டிக்கொண்டிருந்தான். இடையில் தாரில் தோய்த்த கம்பளி நூல். ஆணி போனால் அத்தனையும் வீண்.

“எய்விந்த் வேலைதான் இது. அக்கரைக்காரன் புத்தி,” என்றான் மனைவி ஹெர்திஸிடம். எய்விந்த் அந்த வசந்தத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தவன்.

“யோவ், உன் கண்ணுக்கு நம்ம நாய்கூடத் திருடனாத்தான் தெரியும்.”

மறுநாள் காலை இன்னும் ஏழு ஆணிகள் போயிருந்தன. எய்விந்த் அவன் கண்ணைப் பார்க்காமலே, கூராகத் தீட்டிய கோடரியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான். அதுவும் அஸ்காவுத்துக்குக் குற்றமாகப் பட்டது.

மூன்றாம் நாள் விடியுமுன்பே அஸ்காவுத் பலகை அடுக்கின் பின்னால் பதுங்கினான். எய்விந்த் வந்தான். சிறு சுத்தியலால் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டான். ஒன்றைப் பெயர்த்து இடுப்புப் பையில் போட்டான். அஸ்காவுத் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“யாருடா அனுப்புனது உன்னை?”

“யாரும் அனுப்பல மேஸ்திரி. இதைக் கல்லுல வச்சு அடிச்சுப் பாருங்க.”

ஒரே அடியில் ஆணி இரண்டாக ஒடிந்தது.

“கெட்ட ஆணியா நீயே கொண்டுவந்திருப்ப.”

“அப்ப நீங்களே ஒண்ணைப் பிடுங்குங்க.”

அஸ்காவுத் ஒன்றைப் பெயர்த்து அடித்தான். வளைந்தது, ஒடியவில்லை. “பாத்தியா!” என்றான். அடுத்தது ஒடிந்தது. அதற்கடுத்ததும் ஒடிந்தது. கசடு நீக்காத இரும்பு. ஆணிகளைச் செய்து கொடுத்த கொல்லன் ஹெர்திஸின் தம்பி தொர்கிரிம்.

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“உங்க மச்சானைப் பத்தி நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?”

அஸ்காவுத் ஒடிந்த துண்டுகளைக் கீழே போட்டான். நேரே தொர்கிரிமின் உலைக்களத்துக்குப் போனான்.

“மாப்ள, படகைத் தண்ணியில விடுற அன்னிக்கு முதல் சவாரி உனக்குத்தான். தீவு வரைக்கும் போயிட்டு வரலாம்.”

தொர்கிரிமின் கை துருத்தியிலேயே நின்றது. “எனக்கு இடுப்பு வலி மச்சான். வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க.”

பின்னாலேயே வந்திருந்த ஹெர்திஸ் இதைக் கேட்டாள். தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். “எம் புருசன் ஏறுற படகுடா அது,” என்றாள்.

எல்லா ஆணிகளையும் கழற்றி, வேறு இரும்பில் செய்த ஆணிகளை அடித்து முடிக்க ஐந்து வாரமாயிற்று. படகு இறங்கிய அன்று அஸ்காவுத் எய்விந்தைத் துடுப்புக்கு உட்கார வைத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவனுக்கு வராது. தீவு போய்ச் சேரும்வரை குனிந்து அடிப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை.