இருபத்து நான்கு காலடி

ஹெட்விக் அத்தை எதையும் காலால்தான் அளப்பார். எங்கள் ஊர்ப் பாலர் பள்ளிக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் தலைமை ஆசிரியையாக இருந்த, ஊரே அத்தை என்று அழைக்கும் அவருடைய கைப்பையில் அளவுநாடா ஒருநாளும் இருந்ததில்லை. திரைச்சீலைக்குத் துணி வாங்கவேண்டுமா, காய்கறிப் பாத்தி கட்டவேண்டுமா, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்து பார்ப்பார். கடைக்காரரிடம் காலடிக் கணக்கையே சொல்வார். கடைக்காரரும் அவரிடம் படித்தவர் என்பதால் மறுபேச்சு இராது.

பிள்ளைகளுக்கும் அதையே பழக்கினார். செப்டம்பர் முதல் வாரத்தில் நான்கு வயதுக் குழந்தைகள் கிழக்குச் சுவரிலிருந்து வேலிவரை உரக்க எண்ணியபடி நடப்பார்கள். இருபத்து நான்கில் வேலி வரும். ஆளுக்கொரு பிஸ்கட் கிடைக்கும். எங்களில் பலருக்குப் பெருக்கல் வாய்பாடு மறந்திருக்கலாம். அந்த இருபத்து நான்கு மறக்கவில்லை. பிற்காலத்தில் அந்தப் பக்கம் மணல்குழியும் சறுக்குமரமும் வந்ததால் நடை நின்றுபோயிற்று.

இந்த வசந்தத்தில் பாலர் பள்ளி புதுக் கட்டடத்துக்குப் போயிற்று. தீசா ஆற்றங்கரையில் இருந்த பழைய கட்டடத்தையும் தோட்டத்தையும் விற்பதென்று நகராட்சி முடிவு செய்தது. எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்று அறிந்தவர் ஒருவரே. ஆகவே ஓய்வு பெற்றிருந்த அத்தையையே அழைத்து, இடத்தை விற்பனைக்குத் தயார்செய்யும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் கூரை ஓடுகளை மாற்றவைத்தார். வாத்தும் காளானும் வரைந்திருந்த சுவர்களுக்கு வெள்ளையடிக்கவைத்தார். மணல்குழியைத் தூர்த்து, சறுக்குமரத்தைப் பிடுங்கவைத்தார்.

வாங்க வந்தவர் ரொட்டிக்கடை லோராந்த். நான்கு வயது மகள் செங்கேயைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றினார்.

"அத்தை, இந்தத் தொட்டியில நான் கை கழுவணும்னா மண்டி போடணுமே."

"போடேன். அந்தக் காலத்துலயே உன்னை மண்டி போட வெச்சிருந்தா இன்னிக்கு உன் ரொட்டி ஒழுங்கா வெந்திருக்கும்."

அன்றுதான் சர்வேயர் பிரோஷ்காவும் முக்காலியும் கருவியுமாக வந்து சேர்ந்தாள். அவளும் பழைய மாணவிதான். அரைமணி நேரம் குறுக்கும் நெடுக்கும் போனாள்; பிறகு, மணல்குழி இருந்த இடத்தின் நடுவில் சிவப்பு முளை ஒன்றை அறைந்தாள்.

"எல்லை இங்க முடியுது, அத்தை."

"உன் கண்ணாடியத் துடைச்சுட்டு வா. எல்லை அதோ வேலி."

"வேலி பக்கத்து வீட்டு நிலத்துல அஞ்சு மீட்டர் உள்ள நிக்குது."

பக்கத்து வீடு கெதெயோனுடையது. அந்தப் பெயரைக் கேட்டதும் அத்தையின் முகம் சிவந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தீசா பெருகி வந்து, வேலி, எல்லைக்கல் எல்லாவற்றையும் சேற்றோடு கொண்டுபோயிற்று. நீர் வடிந்ததும் அத்தையே நின்று கம்பங்களை நடவைத்து, உள்ளே மணல்குழியும் சறுக்குமரமும் அமைத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியூரிலிருந்து வந்து குடியேறியிருந்த கெதெயோன், தம் நிலமும் இரண்டு சீமைமாதுளை மரங்களும் வேலிக்குள் போய்விட்டதாக ஊர்க்கூட்டத்தில் முறையிட்டார். அத்தை எழுந்து, "சுவத்துலேர்ந்து வேலிக்கு எத்தனை?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நாற்பது பேர் ஒரே குரலில் "இருபத்து நாலு" என்றோம். ஆம், நானும் கத்தியவன்தான். அன்றுமுதல் கெதெயோனுக்கு 'குழந்தைகளின் மணலுக்குச் சண்டை போட்டவர்' என்ற பெயர் நிலைத்தது. குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் பன்றி வெட்டும் விருந்து எதற்கும் அவரை யாரும் அழைத்ததில்லை. பள்ளி மட்டும் ஆண்டுதோறும் அந்த மரங்களின் பழத்தில் ஜாம் காய்ச்சி, பெருந்தன்மையாக அவருக்கும் ஒரு புட்டி அனுப்பும். அவர் அதைத் திறக்காமலே வேலிக்கம்பத்தின்மீது வைத்துவிடுவார்.

"எண்ணிக் காட்டறேன் பாரு," என்று அத்தை சுவரருகே போனார். அதற்குள் இந்த ஆட்டம் பிடித்துப்போன செங்கே முந்திக்கொண்டாள். சுவரில் குதிகாலை வைத்து, ஒன்று, இரண்டு என்று கூவிக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே அத்தையும் நடந்தார். இருபத்து நான்கில் அத்தை வேலியைத் தொட்டார். இருபத்து நான்கில் குழந்தை சிவப்பு முளைக்குப் பக்கத்தில் நின்றாள்.

செங்கே பிஸ்கட் கேட்டாள். முன்பு இங்கே பிஸ்கட் கொடுப்பார்கள் என்று அப்பா சொல்லியிருந்தாராம்.

தவளை ஒன்று தலைப்பிரட்டையாக இருந்தபோது தன் குளத்தை அளந்ததாம்: ஆயிரம் வாலடி. வளர்ந்தபின் மறுபடி அளந்தால் பத்தே தாவல். குளத்தை எவனோ திருடிவிட்டான் என்று நாரையின்மேல் பழி போட்டதாம். வெள்ளத்துக்குப் பின் அத்தை செய்ததும் அதுவே. குழந்தைகளின் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, தம்முடைய நெடிய கால்களால் நடந்துவிட்டார்.

பிரோஷ்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "கவலைப்படாதீங்க அத்தை. பதினஞ்சு வருஷம் தாண்டினாலே சட்டம் வேலி பக்கம்தான். வேலிதான் எல்லைன்னு இந்தத் தாள்ல கெதெயோன் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"அந்த அஞ்சு மீட்டர் இல்லேன்னா மாவு லாரி உள்ள திரும்பாது," என்றார் லோராந்த், தரையைப் பார்த்தபடி.

அத்தை தாளை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். கெதெயோன் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, பேனாவைத் தேடினார்.

"குடுங்க டீச்சர், போட்டுத் தரேன். எனக்கும் வயசாச்சு."

"போடாதீங்க. நீங்க சொன்னதுதான் சரி. தப்பா அளந்தது நான்."

கெதெயோன் கண்ணாடியைக் கழற்றினார். "இத எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. அன்னிக்கு நாப்பது பேர் இருந்தாங்க."

அத்தை தாளை நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். பிரோஷ்காவிடம், "முளை இருக்கிற எடத்துலயே கோடு போடு," என்றார். லோராந்திடம், "நீ வாங்கறதும் வாங்காததும் உன் இஷ்டம்," என்றார்.

லோராந்த் தலையைச் சொறிந்தார். "சின்ன வண்டியா பாத்துக்கறேன் அத்தை. அடுத்தவன் நெலத்துல லாரிய நிறுத்தினா மாவு பொங்குமா?"

சனிக்கிழமை, பள்ளியின் குட்டி நாற்காலிகளையும் கட்டில்களையும் நினைவுக்காக எடுத்துப்போகலாம் என்று நகராட்சி அறிவித்திருந்ததால் ஊரே தோட்டத்தில் கூடியிருந்தது. அத்தை வாசற்படியில் ஏறி நின்றார். கெதெயோனை அவரே போய் அழைத்து வந்திருந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இருபத்து நாலுங்கிறது உங்க சின்னக் கால் கணக்கு. வேலி நட்டப்போ நான் என் காலால நடந்தேன். இவர் நெலத்த எடுத்துக்கிட்டு இவரையே பேராசைக்காரர்னு உங்க வாயால சொல்ல வெச்சேன். பொய்க்காரி நான். இவர் இல்ல."

என் கையிலிருந்த குட்டி நாற்காலி திடீரென்று கனத்தது, கீழே வைத்தேன்.

அத்தை படியிறங்கி, ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு நேரே வேலிக்குப் போனார். நாலைந்து பேர் உதவிக்கு ஓடினோம்.

"தள்ளி நில்லுங்க. நட வெச்சவ நான். பிடுங்கறதும் நான்தான்."

கம்பம் அசையவில்லை. எழுபது வயது முதுகு வளைந்து நிமிர்ந்தது. கெதெயோன் தம் கொட்டகைக்குப் போய், நீளமான கடப்பாரை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அதால வராது டீச்சர். இதப் பிடிங்க. அடியில குடுத்து நெம்பணும்."

அத்தை அதை வாங்கி, அடியில் கொடுத்து நெம்பினார்.