அறுபத்தேழாவது மணி

ஞாயிறு மாலை நாலு பத்துக்குப் பிரபாவின் அறையில் ஆணுறை கிழிந்தது. நேரம் எப்படித் தெரியும் என்றால், கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் கடிகாரம் பார்க்கிற ஆள் நான்.

பிரபாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா, தெரியாது. அவளிடம் கேட்கவில்லை. பரிசோதனை செய்துகொள்வது என்று அன்றே முறையாக முடிவெடுத்தேன். அரசு மருத்துவமனையில் கன்னடத்தில் பேசவேண்டியிருக்கும் என்று நினைத்து, அல்சூர் மாலை வகுப்பில் நாலு மாதம் கற்றதையெல்லாம் திரட்டினேன். அங்கே தக்காளி விலை கேட்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பாடத்திட்டத்தில் ஆணுறை எதுவும் கிழியவில்லை. எனவே திங்களும் செவ்வாயும் இந்த நோட்டில் வாக்கியங்களை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். ஒன்பதாவது முறை 'எனக்கு' என்பதை 'என் நண்பனுக்கு' என்று மாற்றியதும் கன்னடம் திடீரென்று சரளமாக வந்தது.

இன்று, புதன் காலை பதினொன்றேகாலுக்கு, மருத்துவமனை ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து ஒப்பித்தேன். ஐம்பது வயதுப் பெண்மணி. மேசையில் மௌரீன் என்று பெயர்ப்பலகை. கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. நான் மர்பி டவுன் தமிழச்சிதான்ப்பா, தமிழ்லயே சொல்லுங்க. ஃப்ரெண்டு எங்கே?"

"வரலை மேடம்."

"அப்போ ரத்தம் யார்கிட்ட எடுக்கறது?"

கையை நீட்டினேன்.

"எடுப்போம். ஆனா இன்னிக்கு டெஸ்ட் ஞாயித்துக்கிழமைக்குப் பதில் சொல்லாது. புதுசா தொத்தியிருந்தா தெரியவே வாரக்கணக்கு ஆகும். தடுக்கிறதுக்கு மாத்திரை இருக்கு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். எப்ப நடந்துச்சு?"

நோட்டைத் திறந்து காட்டினேன். கூட்டிப் பார்த்தார். அறுபத்தேழு மணி, ஐந்து நிமிடம்.

"இவ்வளவு சுத்தமா நேரம் குறிச்சுட்டு யாரும் வந்ததில்லை. குறிச்சுட்டு ரெண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்ததும் நீங்கதான். எழுந்திரிங்க."

மருத்துவர் அறைக்கு அவரே வேகமாக அழைத்துப் போனார். பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், ரிஸ்க் எத்தனை சதவீதம்?"

"ஒரு தடவைக்குக் கம்மிதான். கம்மின்னா சைபர் இல்லை. நடங்க."

ரத்தத்தில் இன்று ஒன்றுமில்லை. அதாவது, ஞாயிற்றுக்கு முந்தைய நான் ஆரோக்கியமானவன். அவனுக்கு வாழ்த்துகள். பன்னிரண்டு ஐம்பதுக்கு முதல் மாத்திரையை விழுங்கினேன். இருபத்தெட்டு நாள், ஒருநாளும் விடக்கூடாது. மூன்றாம் மாதம் மறுபடி பரிசோதனை. அதுவரைக்கும் நான் என்ன என்று எனக்கே தெரியாது.

"அவங்களையும் வரச் சொல்லுங்க," என்றார் மௌரீன்.

நோட்டைத் திறந்து 'அன்புள்ள பிரபா' என்று ஆரம்பித்தேன். மௌரீன் பேனாவைப் பிடுங்கி மூடிவிட்டு, என் சட்டைப்பையிலிருந்த போனைக் காட்டினார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி வந்திருப்பதைச் சொன்னேன்.

"டெஸ்ட் பண்ணிக்கலாம்னு உனக்கு எப்படிச் சொல்றதுன்னு மூணு நாளா டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சிட்டிருக்கேன்டா," என்றாள் பிரபா. "எந்த ஆஸ்பத்திரி? இப்பவே வரேன்."