முதலில் குழாய், பிறகு கம்பி

பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்த சிலியே, செம்புக் கவ்வி மாட்டிய தடித்த எர்த் கம்பியைச் சாப்பாட்டு மேசைமேல் தொப்பென்று போட்டாள். துறைக்கு வந்த எண்ணெய்க் கப்பல்களில் இருபத்தாறு வருடமாகத் துறைத் தொழிலாளி ஒட்வார் தன் கையால் மாட்டி, தன் கையால் கழற்றிய கம்பி அது.

"இனிமே இதை யாரும் மாட்டக் கூடாது."

"அப்போ இத்தனை வருஷமா கப்பல் ஓடிப்போயிரும்னுதான் கட்டி வெச்சானா இவன்?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஒட்வாரும் சிரித்து வைத்தான்.

"கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். எண்ணெய்க் குழாயைக் கழட்டிட்டா மொத்தமும் கம்பி வழியாப் போகும். அப்புறம் கவ்வியை எடுத்தா பொறி பறக்கும். பக்கத்துல பெட்ரோல் ஆவி இருந்தா அவ்வளவுதான்," என்றாள் சிலியே, காபியை உறிஞ்சிக்கொண்டே.

ஒட்வார் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தான். முதலில் குழாய், பிறகு கம்பி என்றுதான் விதிப்புத்தகத்தில் இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன் கூட வேலை செய்த ஸ்வைனுங் குழாயைக் கழற்றி, பெட்ரோல் சொட்டச் சொட்டப் பிடித்தபடி நின்றான். ஒட்வார் விதி பிசகாமல் கவ்வியை எடுத்தான். ஸ்வைனுங் தீயோடு போனான். சட்டைப்பையில் லைட்டர் கிடைத்ததால், அவன் சிகரெட் பற்றவைத்தான் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். ஒட்வாரின் வலது உள்ளங்கை மட்டும் ஏன் வெந்தது என்று எவரும் கேட்கவில்லை, அவனும்தான்.

வகுப்பு முடிந்ததும், ஃபியோர்டுக் கடற்கழி ஓரத்தில் இருந்த ஸ்வைனுங்கின் மனைவி யோருன் வீட்டுக்கு நேரே போனான். சொல்லிவிட்டால் செத்தவன் பெயராவது மீளும், தன் நெஞ்சும் கொஞ்சம் ஆறும் என்று நம்பினான். கம்பளிக் குல்லாயைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினான்.

யோருன் அழவில்லை. இழுப்பறையிலிருந்து கருகிய லைட்டர் ஒன்றை எடுத்து அவன்முன் வைத்தாள்.

"இதுல பொறி வர்ற கல்லே அப்பவும் கிடையாது. அவரு சிகரெட்டை விட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. அவங்கப்பாவோடதுன்னு சும்மா வெச்சிருந்தாரு. விசாரணையில தொண்டை கிழியச் சொன்னேன்."

"எனக்கு அப்போ தெரியாது, யோருன்..."

"நீயும் அங்கதான உக்காந்திருந்த? 'ஆமா, அவன் சிகரெட் பிடிப்பான்'னு சொன்னது யாரு?"

ஒட்வார் குல்லாயைக் கழற்றினான்.

"என் பையன் கடைசி வரைக்கும் அப்பாவை மன்னிக்கல. போன வருஷம் அவனும் போயிட்டான். இனி இதை யார்கிட்டச் சொல்லச் சொல்ற?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், ஒட்வார் லைட்டரை எடுத்துத் தழும்பேறிய கையால் சக்கரத்தைச் சுழற்றினான். வெறும் இரும்பு உரசும் சத்தம். மறுபடியும் சுழற்றினான்.